பேக்டோர் மால்வேர்: உள்ளே நுழையும் வழி, திருடும் முறை, கண்டுபிடித்து வெளியேற்றும் படிகள்

2019 அக்டோபர் 29 அன்று, முந்தைய நாள் ட்விட்டரில் பரவிய சைபர் தாக்குதல் செய்திக்குக் கூடங்குளம் அணுமின் நிலையத்திலிருந்து ஒரு மறுப்பு வெளியானது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குகின்றன, இணையத்தோடு அவற்றுக்குத் தொடர்பே இல்லை, ஆகவே அவற்றின் மீது சைபர் தாக்குதல் நடக்க வாய்ப்பில்லை என்றது அந்த அறிக்கை. மறுநாளே தாய் நிறுவனமான இந்திய அணுமின் கழகம் இன்னொரு அறிக்கை விட்டது. மால்வேர், அதாவது தீங்கு செய்யும் புரோகிராம், இருந்தது உண்மை. செப்டம்பர் 4-ஆம் தேதியே இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தகவல் தந்துவிட்டது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைகளுக்கான நெட்வொர்க்கில், இணையத்தோடு இணைந்திருந்த ஒருவரின் கம்ப்யூட்டர். உலையை இயக்கும் உள் நெட்வொர்க் அதிலிருந்து பிரித்தே வைக்கப்பட்டிருக்கிறது.

இதைப் படித்ததும் பலர் "அப்பாடா, ஆபீஸ் கம்ப்யூட்டர்தானே" என்று நிம்மதி அடைந்தார்கள். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. யார் எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள், யாருக்கு யார் மெயில் அனுப்புகிறார்கள், எந்த ஒப்பந்தக்காரர் எந்தச் சாதனத்தை வழங்குகிறார், எந்த பாஸ்வேர்டு எங்கே பயன்படுகிறது என்பதெல்லாம் கிடப்பது ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான். நம் வீட்டு கம்ப்யூட்டருக்கும் இதே கணக்கு பொருந்தும். "என் சிஸ்டத்தில் திருட என்ன இருக்கு, நாலு போட்டோவும் ரெண்டு பாட்டும்தான்" என்று சொல்பவரின் பிரவுசரைத் திறந்து பாருங்கள். பேங்க், ஜிமெயில், வருமான வரிக் கணக்கு, வாட்ஸ்அப் வெப் எல்லாம் லாகின் ஆகியே இருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வதோடு நான் நிறுத்தப் போவதில்லை. பேக்டோர், அதாவது வெளியாள் வந்துபோகக் கள்ளத்தனமாக வழி திறந்து வைக்கும் மால்வேர், இருந்த கம்ப்யூட்டரில் டைப் செய்த, சேமித்த, லாகின் செய்த அனைத்தும் வெளியே போய்விட்டது என்று எடுத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். ஆன்டிவைரஸ் ஃபைலை நீக்கிவிட்டது என்பதற்காகப் போன பாஸ்வேர்டு திரும்பி வந்துவிடாது.

பேக்டோர் என்பது என்ன செய்யும்?

ரேன்சம்வேர் தானே வந்து அறிவிக்கும்: ஃபைல்களைப் பூட்டிவிட்டேன், பணம் கொடு என்று திரையில் எழுதும். பேக்டோர் அப்படி எதையும் காட்டிக்கொள்ளாது. நீங்கள் அறியாமல் இருக்கும்வரைதான் அதற்கு வாழ்வு. தூரத்தில் இருக்கும் ஒருவர் பூட்டு எதையும் உடைக்காமல், வேண்டும்போதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்துபோக ஒரு வழியைத் திறந்து வைப்பது மட்டுமே அதன் முதல் வேலை. திருட்டு, உளவு, பிறகு வேண்டுமானால் ரேன்சம்வேரையே கொண்டுவந்து இறக்குவது எல்லாம் அதற்குப் பின்னால் நடப்பவை.

கூடங்குளத்தில் பிடிபட்டது டிட்ராக் என்ற மால்வேர். வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் என்ற ஹேக்கர் குழுவின் கருவி அது. ஆன்டிவைரஸ் நிறுவனமான காஸ்பர்ஸ்கை 2019 செப்டம்பரில் இதைப் பற்றி விரிவாக எழுதியது. இந்திய ஏ.டி.எம்.களில் கார்டு விவரங்களைத் திருடிய ஒரு மால்வேரை ஆராயப் போனபோதுதான், அதன் உறவான டிட்ராக்கின் 180-க்கும் மேற்பட்ட மாதிரிகள் அவர்களிடம் சிக்கின. டிட்ராக் என்னென்ன சேகரிக்கும் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகப் புரியும்: கீபோர்டில் அழுத்தும் எழுத்துகள், பிரவுசர் ஹிஸ்டரி, கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரி, சுற்றியுள்ள நெட்வொர்க் விவரங்கள், அந்த நிமிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள், எல்லா டிரைவ்களிலும் உள்ள ஃபைல்களின் பட்டியல். சில மாதிரிகள் இவற்றை பாஸ்வேர்டு போட்ட ஆர்க்கைவாகக் கட்டி கம்ப்யூட்டரிலேயே வைக்கும். சில நேரடியாக வெளியே அனுப்பும். தூரத்திலிருந்து ஃபைலை ஏற்றலாம், இறக்கலாம், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை கட்டளை கேட்க வேண்டும் என்று மாற்றலாம். வேலை முடிந்ததும் "உன்னை நீயே அழித்துக்கொள்" என்றும் கட்டளை கொடுக்கலாம்.

பாஸ்வேர்டு மட்டுமே குறியாக இருந்தால் ஃபைல் பட்டியல் எதற்கு, நெட்வொர்க் விவரம் எதற்கு? அடுத்த கம்ப்யூட்டருக்குத் தாவுவதற்கு. சந்தேகமான ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்களால் சோதித்துக் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் யாரோ ஏற்றியிருந்த டிட்ராக் மாதிரி ஒன்றுக்குள் கூடங்குளம் நெட்வொர்க்கின் பெயரும், அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கும், உள் ஐ.பி. முகவரியும் அப்படியே எழுதப்பட்டிருந்தன. அதைக் கண்டுதான் அக்டோபர் 28-ஆம் தேதி விஷயம் ட்விட்டரில் வெடித்தது. உள்விவரம் தெரிந்தபிறகே அந்த மாதிரியைத் தயாரித்திருக்க முடியும். அதாவது, பிடிபட்டதற்கு முன்பே ஒருமுறை வேவு பார்த்து முடித்திருந்தார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

முதல் கட்டம்: எப்படி உள்ளே வருகிறது

நம் ஊரில் முதலிடம் கிராக் சாஃப்ட்வேருக்குத்தான். போட்டோஷாப், டேலி, விண்டோஸ் ஆக்டிவேட்டர் என எதுவாக இருந்தாலும் டவுன்லோடு செய்த ஜிப் ஃபைலுக்குள் ஒரு ரீட்மீ இருக்கும். அதில் முதல் வரியே "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்பதாக இருக்கும். இரண்டாவது வரி, இந்த ஃபோல்டரை விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன் பட்டியலில் சேர்க்கச் சொல்லும். பிறகு வலது கிளிக் செய்து "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுக்கச் சொல்லும். காவலை விலக்குவது, தேடல் வராத இடம் ஒதுக்குவது, முழு அதிகாரம் தருவது என்று தாக்குபவர் செய்ய வேண்டிய மூன்று வேலைகளையும் நாமே அவருக்காகச் செய்து முடித்துவிடுகிறோம். அதற்குமேல் அவர் எந்தத் தொழில்நுட்பக் குறைபாட்டையும் தேட வேண்டியதில்லை. போட்டோஷாப்பும் நன்றாகவே திறக்கும். அதனால் சந்தேகமும் வராது.

அடுத்தது பென் டிரைவ். ஜெராக்ஸ் கடை, டி.டி.பி. சென்டர், கல்லூரி லேப், அரசு அலுவலகம் என ஒரே பென் டிரைவ் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. செருகியதும் தானாக ஓடும் ஆட்டோரன் வசதியை மைக்ரோசாஃப்ட் 2011-லேயே முடக்கிவிட்டது. அதன்பிறகு நம்மையே கிளிக் செய்ய வைக்கும் வழிக்கு மாறினார்கள். பென் டிரைவைத் திறக்கிறீர்கள். உள்ளே உங்கள் ஃபோல்டர்கள் எதுவும் இல்லை, பென் டிரைவின் பெயரிலேயே ஒரே ஒரு ஐகான் மட்டும் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் அதன் இடது கீழ் மூலையில் சிறிய வளைந்த அம்புக்குறி தெரியும். அது ஒரு ஷார்ட்கட். இரட்டை கிளிக் செய்தால் உங்கள் ஃபோல்டர்கள் வழக்கம்போலத் திறக்கும். கூடவே மால்வேரும் ஓடிவிடும். பிளக்எக்ஸ் என்ற பேக்டோரின் ஒரு வகை இப்படித்தான் பென் டிரைவ் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. 2025 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை, பிரான்ஸ் அதிகாரிகளின் உதவியோடு 4,258 அமெரிக்க கம்ப்யூட்டர்களிலிருந்து அதை நீக்கியதாக அறிவித்தது. அந்த கம்ப்யூட்டர்களின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்குத் தங்களிடம் அது இருந்ததே தெரியாது.

மெயில் இணைப்பு பழைய வழி, ஆனால் இன்னும் ஓயவில்லை. 2009 மார்ச்சில் வெளியான கோஸ்ட்நெட் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். தர்மசாலாவில் தலாய் லாமாவின் அலுவலகத்தில் தொடங்கிய விசாரணை, 103 நாடுகளில் 1,295 கம்ப்யூட்டர்கள் வேவு பார்க்கப்படுவதில் போய் முடிந்தது. தூதரகங்களும் வெளியுறவு அமைச்சகங்களும் அதில் இருந்தன. நுழைந்த வழி, திபெத் விவகாரம் தொடர்பான ஆவணம் போலத் தோன்றிய மெயில் இணைப்புகள். பயன்பட்ட பேக்டோரால் மைக்கையும் வெப்கேமையும்கூடத் திறக்க முடிந்தது. பெறுபவர் உண்மையிலேயே எதிர்பார்க்கக்கூடிய ஆவணத்தைத்தான் எப்போதும் அனுப்புவார்கள். கடைக்காரருக்கு இன்வாய்ஸ் வரும், வேலை தேடுபவருக்கு ஆஃபர் லெட்டர் வரும், யூடியூபருக்கு ஸ்பான்சர் ஒப்பந்தம் வரும். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய யூடியூப் சேனல் பறிபோனது இப்படி ஸ்பான்சர் ஃபைலாக வந்த ஒன்றைத் திறந்ததால்தான்.

விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை மறைத்தே வைத்திருக்கும். அதனால் பி.டி.எஃப். என்று பெயர் முடிந்து, பி.டி.எஃப். ஐகானும் ஒட்டியிருக்கும் ஒரு புரோகிராம் ஃபைல் அசல் ஆவணம் போலவே தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் "வியூ" மெனுவுக்குப் போய் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதை இப்போதே டிக் செய்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இது. ஈ.எக்ஸ்.ஈ., எஸ்.சி.ஆர்., எல்.என்.கே., வி.பி.எஸ்., ஜே.எஸ்., ஐ.எஸ்.ஓ. என்று முடியும் எதுவும் ஆவணம் ஆகாது.

2024 முதல் வேகமாகப் பரவிவரும் இன்னொரு தந்திரத்தை உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள். ஒரு தளத்தைத் திறந்தால் "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்கவும்" என்ற பெட்டி வரும். டிக் செய்ததும், விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல்-வி, பிறகு என்டர் என்று மூன்று படிகளைச் சொல்லும். டிக் செய்த நொடியே ஒரு கட்டளை உங்கள் கிளிப்போர்டில் காப்பி ஆகியிருக்கும். என்டர் தட்டியதும் அது ஓடி, மால்வேரை இறக்கிவிடும். உண்மையான கேப்ட்சா எதுவும் கீபோர்டில் இப்படி அழுத்தச் சொல்லாது.

இவை எல்லாவற்றிலும் பயனரின் பங்கு கொஞ்சம் இருக்கிறது. எதுவுமே தவறாகச் செய்யாமலும் மாட்டலாம். 2017 ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 12 வரை, கம்ப்யூட்டரில் வேண்டாத ஃபைல்களைத் துடைக்கும் சிசிகிளீனரின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே பேக்டோர் கலந்த பதிப்பு போனது, சுமார் 22.7 லட்சம் பேரிடம் அது இருந்தது. 2020 டிசம்பரில் வெளிவந்த, நிறுவனங்களுக்கான நெட்வொர்க் சாஃப்ட்வேர் விற்கும் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் விவகாரத்தில், முறையான டிஜிட்டல் கையெழுத்தோடு வந்த அப்டேட்டே பேக்டோரைச் சுமந்து வந்தது. 18,000 நிறுவனங்கள் வரை அதை நிறுவியிருந்தன. லினக்ஸ் பயன்படுத்துவோரும் தப்பவில்லை. எக்ஸ்.இஸட். யூட்டில்ஸ் என்ற சிறு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பேக்டோர் புகுத்தப்பட்டிருந்தது 2024 மார்ச் 29 அன்று தெரிந்தது. தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்.எஸ்.எச். லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் விடாமல் துருவியதால்தான் அது பெரும்பாலான சர்வர்களை எட்டும் முன்பே நின்றது. அந்த மனிதரின் பொறுமைக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது.

இதற்காக அப்டேட்டையே நிறுத்திவிடாதீர்கள். அப்டேட் செய்யாததால் மாட்டுபவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

இரண்டாம் கட்டம்: குடியேறுவது

முதலில் உள்ளே வரும் ஃபைல் பெரும்பாலும் மிகச் சிறியது. அது தன் வேலையாக அசல் மால்வேரை இறக்கி, தன்னை அழித்துக்கொள்ளும். அசல் மால்வேர் ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டா, டெம்ப் போன்ற நாம் எட்டிப் பார்க்காத ஃபோல்டர்களில் உட்காரும். விண்டோஸின் சொந்தப் புரோகிராம் போலப் பெயர் வைத்துக்கொள்ளும். இன்னும் கெட்டிக்காரத்தனமானவை, விண்டோஸின் அசல் புரோகிராம் ஒன்றைத் திறந்து, அதன் நினைவகத்துக்குள் இருப்பதை எடுத்துவிட்டுத் தாங்கள் குடிபுகும். டிட்ராக் அந்த ரகம். அப்போது டாஸ்க் மேனேஜரில் தெரிவது விண்டோஸ் புரோகிராமின் பெயர் மட்டுமே.

கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தாலும் மறுபடி ஓட வேண்டுமே? அதற்கு ஸ்டார்ட்அப் பட்டியல், விண்டோஸின் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியின் ரன் பகுதி, டாஸ்க் ஷெட்யூலர், சர்வீஸ் ஆகியவற்றில் எதிலாவது தன்னைப் பதிந்துகொள்ளும். ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க நமக்குக் கிடைக்கும் நல்ல பிடி இதுதான். எவ்வளவு திறமையாக மறைந்தாலும் ஒவ்வொரு முறையும் ஓடத் தொடங்க பெரும்பாலும் ஏதோ ஓர் இடத்தில் பெயர் எழுதியாக வேண்டும்.

மூன்றாம் கட்டம்: வெளியே பேசுவது, திருடுவது

ஃபயர்வால் இருந்தும் எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஃபயர்வால் வாசல் காவல்காரர் மாதிரி. வெளியிலிருந்து வருபவரை மறிப்பார். வீட்டுக்குள் இருக்கும் ஒருவரே கொல்லைப்புறக் கதவைத் திறந்து வெளியே ஆளைக் கூப்பிட்டால் அவரால் என்ன செய்ய முடியும்? பேக்டோர் உள்ளிருந்து வெளியே அழைக்கிறது. அதுவும் எல்லாத் தளங்களும் பயன்படுத்தும் எச்.டி.டி.பி.எஸ். வழியாகவே அழைப்பதால், நீங்கள் செய்தித்தளம் படிப்பதும் அது கட்டளை கேட்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். உள்ளே போனதும் உடனே பேசவும் செய்யாது. சோலார்விண்ட்ஸ் பேக்டோர் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை சும்மா இருந்துவிட்டுத்தான் முதல் அழைப்பையே செய்தது. "கிராக் போட்டு ஒரு வாரம் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே" என்பதை நான் ஏற்பதில்லை.

திருடும் பொருள்களில் மிக முக்கியமானது குக்கி. பாஸ்வேர்டு போட்டு, ஓ.டி.பி.யும் போட்டு நீங்கள் உள்ளே நுழைந்ததும், "இவர் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டவர்" என்பதற்கு அத்தாட்சியாகத் தளம் உங்கள் பிரவுசரில் ஒரு சிறு குறியீட்டை வைக்கிறது. அதைத் திருடித் தன் பிரவுசரில் போட்டுக்கொள்பவருக்குப் பாஸ்வேர்டும் தேவையில்லை, ஓ.டி.பி.யும் தேவையில்லை. லைனஸ் சேனலில் நடந்தது இதேதான். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் அப்படியே: உங்கள் விண்டோஸ் கணக்கில் ஓடும் புரோகிராம் என்றால், பூட்டைத் திறக்கும் உரிமை அதற்கும் கிட்டிவிடுகிறது. இதைத் தடுக்க 2024 ஜூலையில் வந்த குரோம் 127-ல் கூகுள் ஒரு கூடுதல் பூட்டைச் சேர்த்தது. சில மாதங்களிலேயே மால்வேர் எழுதுபவர்கள் அதைச் சுற்றிப்போக வழி கண்டுபிடித்தார்கள்.

சோதித்துப் பார்க்கும் படிகள்

விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இவை பொருந்தும். சந்தேகம் இல்லாவிட்டாலும் அவ்வப்போது செய்யலாம்.

முதல் படியாக விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் பகுதியில் மேனேஜ் செட்டிங்ஸுக்குப் போங்கள். அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் ஏதாவது அங்கே இருந்தால், குறிப்பாக சி டிரைவ் முழுவதுமே சேர்க்கப்பட்டிருந்தால், தேடல் முழுவதும் வீண். எக்ஸ்க்ளூஷனை நீக்கிவிட்டுத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். பலர் வருடக்கணக்கில் இந்தப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது, அதே இடத்தில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குள் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று உண்டு. இது கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுமையாகத் தொடங்கும் முன்பே தேடும். மால்வேர் ஓடாத நேரத்தில் தேடுவதால் அது ஒளிந்துகொள்வது கடினம். கால்மணி நேரம் ஆகும். திறந்து வைத்த வேலைகளைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள்.

மூன்றாவது, ஆட்டோரன்ஸ். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. நான் இதைத்தான் அதிகம் நம்புகிறேன், ஏனென்றால் தானாக ஓடத் தொடங்கும் ஏறத்தாழ எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டிவிடுகிறது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆப்ஷன்ஸ் மெனுவில் "ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்" கொடுங்கள். பட்டியல் சுருங்கிவிடும். மிச்சமுள்ளதில் இளஞ்சிவப்பு நிறத்தில் இருப்பவை வெளியீட்டாளரை உறுதிசெய்ய முடியாதவை. மஞ்சள் நிறத்தில் இருப்பவற்றின் ஃபைல் இல்லை. இளஞ்சிவப்பு என்பதாலேயே மால்வேர் ஆகிவிடாது. பழைய பிரிண்டர் டிரைவர்கூட அந்த நிறத்தில் வரும். ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பாருங்கள். ஆப்டேட்டா அல்லது டெம்ப்புக்குள் எழுத்துகளைக் கலைத்துப் போட்டாற்போல் ஒரு பெயர், வெளியீட்டாளர் இடம் காலி, நிறுவிய தேதி நீங்கள் அந்தக் கிராக்கைப் போட்ட அதே நாள் என்றால் வேறு சாட்சி வேண்டாம். டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். அழிக்க அவசரம் வேண்டாம்.

சந்தேகமான புரோகிராமை வைரஸ்டோட்டலில் ஏற்றிப் பார்க்கலாம். ஆனால் சம்பளப் பட்டியல், ஆதார் நகல், கம்பெனி ஒப்பந்தம் போன்ற ஆவணங்களை அங்கே ஏற்றவே ஏற்றாதீர்கள். அங்கே ஏற்றியதைச் சந்தாதாரர்களான ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்க முடியும். கூடங்குளத்தின் உள்விவரம் ஊருக்குத் தெரிந்ததே அந்தத் தளத்தில் கிடந்த ஒரு ஃபைலால்தான்.

நான்காவது, பிரவுசர்களையும் மற்ற புரோகிராம்களையும் மூடிவிட்டு ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து நெட்வொர்க் பகுதியில் டி.சி.பி. கனெக்ஷன்ஸ் பாருங்கள். எந்தப் புரோகிராம் எந்த முகவரியோடு பேசுகிறது என்று வரும். விண்டோஸ் அப்டேட், ஒன்டிரைவ், ஆன்டிவைரஸ் ஆகியவை பேசுவது இயல்பு. நீங்கள் திறக்காத நோட்பேடோ கால்குலேட்டரோ வெளியே பேசிக்கொண்டிருந்தால் இயல்பில்லை. எஸ்.வி.சி. ஹோஸ்ட் என்ற பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம், அது விண்டோஸின் பின்னணி சர்வீஸ்களை இயக்குவது, பல டஜன் இருப்பது சாதாரணம். டாஸ்க் மேனேஜரில் அதை வலது கிளிக் செய்து ஓப்பன் ஃபைல் லொகேஷன் கொடுங்கள், விண்டோஸ் ஃபோல்டரின் சிஸ்டம்32-க்குள் திறந்தால் சரி. வேறு ஃபோல்டர் திறந்தால் அது வேஷம்.

கடைசியாக, இன்ஸ்டால் ஆன ஆப்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல சாஃப்ட்வேர்கள்தான். ஆனால் "கஸ்டமர் கேர்" என்று போனில் பேசியவர் ஏற்றச் சொன்னதாக இருந்தால், அதுவே பேக்டோர். பெரும்பாலும் ஆன்டிவைரஸ் அதை மால்வேர் என்று சொல்லாது. பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களையும் இதே கண்ணோடு பாருங்கள்.

பிடிபட்டால் என்ன செய்வது: வரிசை முக்கியம்

முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். திருடுபவரின் கை அப்போதே நின்றுவிடும். அலுவலக கம்ப்யூட்டர் என்றால் ஷட்டவுன் செய்யாதீர்கள். நினைவகத்தில் உள்ள தடயம் போய்விடும். ஐ.டி. ஆட்கள் வரும்வரை அப்படியே இருக்கட்டும். இந்தியாவில் உள்ள நிறுவனங்கள் இத்தகைய சம்பவத்தைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் உத்தரவு சொல்கிறது.

அடுத்து, இந்த கம்ப்யூட்டரைத் தொடாமல், வேறொரு சுத்தமான போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்ற பெரும்பாலான கணக்குகளின் பாஸ்வேர்டை மெயில் வழியாக மீட்க முடியும் என்பதால் மெயில்தான் முதலில். ஆத்திரத்தில் இதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றினால், புதிய பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும்.

பாஸ்வேர்டை மாற்றியதோடு விடாதீர்கள். கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் "யுவர் டிவைசஸ்" திறந்து அத்தனையிலிருந்தும் சைன் அவுட் செய்யுங்கள். திருடுபோன குக்கி அப்போதுதான் செல்லாமல் போகும். ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். உங்களுக்கு வரும் பேங்க் மெயில்களை வேறு முகவரிக்கு அனுப்பிவிட்டு இன்பாக்ஸில் காட்டாமல் மறைக்கும் ஃபில்டர் அங்கே வைக்கப்பட்டிருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த ஃபில்டர் நிற்கும். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் திறந்து எல்லாவற்றையும் லாக் அவுட் செய்யுங்கள். பிறகு பேங்க், யு.பி.ஐ., சமூக வலைத்தளக் கணக்குகள் என்று வரிசையாக முடியுங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் உடனே 1930-ஐ அழையுங்கள். அழைப்பு எவ்வளவு சீக்கிரம் போகிறதோ, போன பணத்தை வழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம்.

இதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர். என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன்: பேக்டோர் இருந்த கம்ப்யூட்டரை ஸ்கேன் செய்து தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள், விண்டோஸை அடியோடு மாற்றுங்கள். பேக்டோர் வழியாக வேறு என்னென்ன இறங்கியது என்று எந்த ஸ்கேனரும் உறுதியாகச் சொல்ல முடியாது. வெளி ஹார்டு டிஸ்க்கில் போட்டோக்களையும் ஆவணங்களையும் மட்டும் காப்பி எடுங்கள். செட்அப் ஃபைல்கள், கிராக், ஜிப் எதுவும் வேண்டாம். வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு பூட்டபிள் பென் டிரைவ் தயாரித்து, இன்ஸ்டால் செய்யும்போது பழைய பார்ட்டிஷன்களை அழித்துவிட்டுப் போடுங்கள். "கீப் மை ஃபைல்ஸ்" ரீசெட் இதற்குப் போதாது. டி டிரைவில் பழைய சாஃப்ட்வேர் ஃபோல்டர் ஒன்றை வைத்திருப்பது நம் ஆட்களின் வழக்கம். மறுபடி மாட்டுவது பெரும்பாலும் அங்கிருந்துதான். அதையும் விட்டுவைக்க வேண்டாம்.

புதிய விண்டோஸ் வந்ததும் இரண்டு கணக்குகள் உருவாக்குங்கள். ஒன்று அட்மினிஸ்ட்ரேட்டர், இன்னொன்று தினசரிப் பயன்பாட்டுக்கான ஸ்டாண்டர்டு கணக்கு. தினமும் இரண்டாவதில் இருந்தால், தெரியாமல் ஏதேனும் கிளிக் ஆனாலும் சிஸ்டம் முழுக்கக் கைமாறுவது கடினமாகிவிடும். குரோமில் சைன்-இன் செய்யும் முன் எந்தெந்த எக்ஸ்டென்ஷன்கள் வேண்டாம் என்று யோசித்து வையுங்கள்: சிங்க் ஆன் செய்ததும் பழைய கெட்ட எக்ஸ்டென்ஷனும் சேர்ந்தே திரும்பி வரும், வந்ததும் நீக்குங்கள். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அந்த கம்ப்யூட்டரில் செருகிய எல்லா பென் டிரைவ்களையும் ஃபார்மட் செய்யுங்கள். வீட்டில் அதே வைஃபையில் இருக்கும் மற்ற லேப்டாப்களிலும் மேலே சொன்ன சோதனைகளை நடத்துங்கள்.

டி.டி.பி. சென்டர், பிரவுசிங் சென்டர் நடத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று. வாடிக்கையாளரின் பென் டிரைவ் செருகவும் பிரிண்ட் எடுக்கவும் ஒரு கம்ப்யூட்டரை ஒதுக்குங்கள். அதில் லினக்ஸ் போட்டால் விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஷார்ட்கட் மால்வேர் ஓடாது, லிப்ரே ஆபீஸும் பி.டி.எஃப். ரீடரும் இலவசம். உங்கள் ஜி.எஸ்.டி. கணக்கும் பேங்க் லாகினும் அந்த கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது. வாடிக்கையாளரின் ஆதார், பாஸ்போர்ட் நகல்களை அன்றைக்கே அழித்துவிடுங்கள். அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவை அவை. போட்டோஷாப்புக்குப் பணம் கட்ட முடியாவிட்டால் ஜிம்ப், போட்டோபியா போன்ற இலவசக் கருவிகளில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேலை தாராளமாக நடக்கும்.

எல்லாம் முடித்த பிறகு, ஒரு மாதம் கழித்து மெயில் கணக்கின் லாகின் பட்டியலையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் இன்னொரு முறை பாருங்கள். திருடப்பட்ட விவரங்கள் உடனே பயன்படுவதில்லை. கைமாறி, விலைபேசி, வேறொருவரிடம் போய்ச் சேர நாளாகும். தெரியாத ஊரிலிருந்து லாகின் முயற்சி எதுவும் இருந்தால், சைன் அவுட் செய்து பாஸ்வேர்டை மறுபடி மாற்றுங்கள்.